கூடம் கோணல்தான்!

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்றொரு பழமொழி நம்மிடையே வழங்கி வருகிறது. அதனை முதலிற் சொன்னவர் யாராயினும், அவர் அந்தக் கூடத்தில் ஆடியவருமல்லர், அதனைக் கூட்டி மெழுகியவருமல்லர் என்பது திண்ணம். கூடம் மெய்யாகவே கோணலாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற ஐயம் அவருக்கு எழவேயில்லை. குற்றமெல்லாம் ஆடுபவள் தலையில். கூடத்தைக் கோணலாகக் கட்டிக் கொடுத்தவனைக் கேட்பாரில்லை. வீட்டுத் துப்புரவு பற்றி இந்நாட்டின் ஏழைகளுக்குச் செய்யப்படும் போதனைகள் பெரும்பாலும் இந்தப் பழமொழியின் விரிவுரைகளே என்பது எமது கருத்து.

'தரையைப் பார்த்தால் வீட்டுக்காரியின் குணம் தெரியும்' என்கிறார்கள். பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட பத்திரிகைப் பக்கங்களில், சுகாதாரக் கூட்டங்களின் மேடைகளில், ஊர்ப் பெரியவர்களின் திண்ணைப் பேச்சில், இவ்வாசகம் வெவ்வேறு வடிவங்களில் ஒலித்த வண்ணமிருக்கிறது. டைலுக்கு இது, டெராசோவுக்கு அது, மரத்தரைக்கு மற்றொன்று என்று பட்டியல்கள் நீளுகின்றன. மண்தரை அப்பட்டியலின் கடைசியில் வரும். அல்லது வராமலே போகும். லயக் காம்பராவின் வெடித்த தரையைப் பற்றியோ எவரும் வாய் திறப்பதில்லை.

தரையைத் தூய்மையாக வைத்திருக்கும் கலையை நாம் இகழவில்லை. அது கலை மட்டுமன்று, விஞ்ஞானமுமாகும். அதனைப் பாடசாலையிற் கற்பிக்க வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. ஆனால், எந்தத் தரை யாருக்கு வாய்த்தது, அதனைத் துடைக்கும் நீரைச் சுமப்பவர் யார், குனிகின்ற முதுகு எவருடையது என்னும் மூன்று கேள்விகளையும் ஒதுக்கிவிட்டுச் சொல்லப்படும் துப்புரவுப் பாடம், ஏழையை அவனுடைய ஏழ்மைக்காகவே இழிவுபடுத்தும் பாடமாகும். அதனை நாம் எதிர்க்கிறோம்.

நாவுல, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலையில், மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே அமைந்த சிற்றூர். இச்சிற்றூரின் தரைகளை மட்டும் பார்த்தாலே ஒரு சமூகவியற் பாடம் கற்கலாம். கடைத்தெருவில் முகம் தெரியும் டைல் பதித்த தரைகள். அதன் பின்புறத்தில், ஓரளவு வசதியாக வாழ்ந்த தலைமுறையொன்று விட்டுச்சென்ற சிவப்புச் சீமெந்துத் தரைகள். அப்பாற் செல்லச் செல்ல, வயலையும் சேனையையும் கூலியையும் நம்பி வாழ்வோரின் வீடுகளிற் பூசாத சீமெந்து, அதற்கும் அப்பால் களிமண். சிங்களவர் வீடாயினும், தமிழர் வீடாயினும், முஸ்லிம்களின் வீடாயினும் இந்த வரிசை மாறுவதில்லை. தரைக்கு மொழியில்லை, மதமில்லை. வர்க்கம் மட்டும் உண்டு.

இத்தரைகள் ஒவ்வொன்றும் கேட்கும் பராமரிப்பு என்ன என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். போதகர்கள் சொல்லாமல் விடுவது அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

முதலில் மண்தரை. களிமண்ணைக் குழைத்து இறுக்கி அடித்த தரைமீது, பசுஞ்சாணமும் களிமண்ணும் நீரில் தளரக் கரைத்து, கையால் வளைவு வளைவாக மெல்லிதாகப் பூசுவர். புற்றுமண் கிடைத்தால் இன்னும் சிறப்பு. நுண்ணிய களியாதலின் அது நன்கு பிடிக்கும். சாணத்திலுள்ள செரிக்காத நார்கள் மண்ணைப் பிணைத்து, வெடிப்பையும் தூசியையும் குறைக்கின்றன. மெழுகுமுன் வெடிப்புகளை அடைக்க வேண்டும். மெழுகியபின் முற்றாகக் காயவிட வேண்டும். நாள்தோறும் கூட்டுமுன் சிறிது நீர் தெளிக்க வேண்டும், அதிகமானால் சேறாகிவிடும். தேய்ந்த தரையைச் சில நாட்களுக்கொருமுறை மீண்டும் மெழுக வேண்டும். எந்தக் கல்லூரியிலும் பயிலாத கிராமத்துப் பெண்ணின் விரல்களில் மண்ணியலும் பொருளியல்பும் பற்றிய இத்தனை அறிவு குடியிருக்கிறது. அவளைத்தான் 'அறியாமையில் கிடப்பவள்' என்கிறோம்!

அடுத்தது சீமெந்து. இரும்பு ஒட்சைட்டுச் சாயத்தைச் சீமெந்தோடு கலந்து, கரண்டியால் அழுத்தித் தேய்த்து எடுத்த சிவப்புத் தரைகள் ஒரு காலத்தில் இலங்கையின் நடுத்தர வீடுகளின் பெருமையாக இருந்தன. தும்புத்தடியால் மணலையும் தூசியையும் அகற்றி, ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்தபின் மெழுகு பூசி, தேங்காயின் பாதிப் பொச்சுமட்டையைக் காலால் மிதித்து முன்னும் பின்னும் தேய்த்தால் அத்தரை கண்ணாடியாகும். மணலை அகற்றாமற் தேய்த்தாலோ அது கீறிக் கெடும். தேய்க்கின்ற காலின் களைப்பு தரையின் பளபளப்பில் தெரிவதில்லை.

டைல் தரையைச் சிறிதளவு சவர்க்காரம் கலந்த நீரே தூய்மையாக்கும். அதன் இடுக்குகளில்தான் அழுக்குத் தங்கும். அங்கே தூரிகை வேண்டும். டெராசோவும் சலவைக்கல்லும் வேறு சாதி. அவற்றில் இருப்பது கல்சியம் காபனேற்று. தேசிக்காய்ச் சாறு, வினாகிரி, மலசலகூடத்துக்கென விற்கப்படும் ஐதரோகுளோரிக் அமிலம் ஆகிய யாவும் அதனை அரித்து மங்கச் செய்யும். மரத்தரை தண்ணீருக்குப் பகை. ஊறினால் உப்பிப் பிளக்கும். யாவற்றுக்கும் மேலாக ஒன்றை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும்: குளோரின் கொண்ட வெளிற்றும் திரவத்தை அமிலத்தோடு கலந்தால் நச்சுக் குளோரின் வாயு பிறக்கும்; அமோனியாவோடு கலந்தாலும் நச்சு வாயுவே பிறக்கும். 'இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்புச் சுத்தம்' என்று எண்ணி, காற்றோட்டமற்ற குளியலறையில் மூச்சுத் திணறுவோர் பெரும்பாலும் கூலிக்கு வந்த பெண்களே. போத்தலின் மேல் ஆங்கிலத்திற் பொடி எழுத்தில் அச்சிட்ட எச்சரிக்கை அவர்களுக்கு என்ன சொல்லும்?

இவ்வறிவையெல்லாம் கற்பியுங்கள் என்கிறோம். ஆனால் ஒவ்வொரு குறிப்பினுள்ளும் சொல்லப்படாத நிபந்தனைகள் சில மறைந்திருப்பதைக் கவனியுங்கள். 'ஈரத்துணியால் துடைக்க' என்றால் குழாய் உண்டு என்று பொருள். 'நன்கு உலரவிடுக' என்றால் அதுவரை நிற்க மற்றோர் அறை உண்டு என்று பொருள். 'வெடிப்புகளைச் சீர்செய்க' என்றால் அந்தத் தரை உமக்குச் சொந்தம் என்று பொருள். நீர், இடம், உரிமை ஆகிய மூன்றும் இல்லாதவருக்கு இந்த அறிவுரை வெறும் ஏளனமே.

மூன்றும் இல்லாதவர் யார்? நாவுலவைக் கடந்து செல்லும் இதே பாதையில் 19ஆம் நூற்றாண்டில் நடந்து சென்றவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் வந்திறங்கிய தொழிலாளர்கள், காடு கடந்து, தம்புள்ளை வழியாக, நாலந்தாவைத் தாண்டி மாத்தளைக்கு நடந்தார்கள். பசியாலும் கொள்ளைநோயாலும் வழியிலே மடிந்தவர் பலர். 2023 யூலை, ஓகஸ்ட் மாதங்களில், மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூரும் நடைபயணம் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தது. அன்று நடந்தவர்களின் பாதங்களுக்குப் பயணத்தின் முடிவிலே கிடைத்த தரை எது? லயக் காம்பரா.

மாத்தளை மாவட்டத்தில் இறத்தோட்டை, உக்குவளை, எல்கடுவை முதலிய பகுதிகளின் தோட்டங்களிலே இன்றும் லயங்களைக் காணலாம். குடும்பமொன்றுக்கு 10 அடிக்கு 12 அடி என்ற அளவிலமைந்த ஓர் அறை, முன்னால் ஒரு சிறு தாழ்வாரம். சுவருக்குச் சுவர் ஒட்டி நீளுகின்ற வரிசை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இவ்வமைப்பிலேயே இன்னும் வாழ்கின்றன. அடியிலிருந்து ஏறும் ஈரத்தைத் தடுக்கும் ஏற்பாடு அக்காலத்துக் கட்டடங்களில் இல்லை. சரிவில் வடியும் மழைநீர் பின்சுவரின் அடியில் ஊறும். பழைய சீமெந்து பொரிந்து, குழி விழுந்து, குழியிலே மண் நிறைந்திருக்கும்.

120 சதுர அடி. அதன் பொருளை எண்ணிப் பாருங்கள். வசதி படைத்த வீட்டிலே தரை என்பது காலுக்கு மட்டும் உரியது. உண்ண மேசை, உறங்கக் கட்டில், படிக்க மற்றொரு மேசை, இருக்க நாற்காலி என்று உடம்பைத் தரையிலிருந்து உயர்த்தும் தளபாடங்கள் அங்கே உண்டு. லயத்திலோ தரையே கட்டில், தரையே மேசை, தரையே பள்ளிப் பிள்ளையின் வகுப்பறை, தரையே நோயாளியின் படுக்கை. ஐவர் உண்ட இடத்திலேயே ஐவர் உறங்க வேண்டும். ஆதலால் அத்தரையை நாளுக்கு ஒருமுறை அன்று, நான்கைந்து முறை தூய்மை செய்ய வேண்டியிருக்கிறது. பெரிய வீட்டைவிடச் சிறிய அறைக்கே அதிக வேலை. 'சின்ன இடந்தானே, சுத்தமாக வைத்திருக்கக் கூடாதா?' என்று கேட்பவர் இக்கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்த்ததுண்டா?

நீரின் கணக்கையும் போடுவோம். 10 லீற்றர் கொள்ளும் ஒரு வாளித் தண்ணீரின் எடை 10 கிலோகிராம். துடைக்க ஒரு வாளி, அலச ஒரு வாளி என்றால் 20 கிலோ. குழாய் லயத்தின் கோடியிலோ, பீலி பள்ளத்திலோ இருந்தால், அந்த 20 கிலோவையும் ஏற்றத்திற் சுமக்க வேண்டும். சுமப்பவள், விடியற்காலையில் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளை அனுப்பி, பெரட்டுக்கு ஓடி, நாளெல்லாம் மலையிற் கொழுந்து பறித்து, நிறுவையில் எடை குறைந்தால் கூலி குறையுமென்ற அச்சத்தோடு திரும்பி வந்தவள். அவளிடம் போய்த் துப்புரவைப் பற்றிச் சொற்பொழிவாற்றுவதற்கு மிகுந்த துணிச்சல் வேண்டும்!

'அப்படியானால் தரையைத் திருத்திக்கொள்வதுதானே?' என்பது அடுத்த கேள்வி. திருத்தலாம். 120 சதுர அடிக்கு 2 அங்குலத் தடிப்பில் கொங்கிறீற்று இட 20 கன அடி கலவை வேண்டும். ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு கல் என்னும் அளவிற் கலந்தால், 50 கிலோ மூடைகள் நாலைந்து போதும். அடியில் ஈரத்தைத் தடுக்க ஒரு பொலித்தீன் விரிப்பு. செலவு மலைபோன்றதன்று. ஆனால் சீமெந்துத் தரை வலுப்பெறக் குறைந்தது ஏழு நாட்களாவது அதனை ஈரத்தில் வைத்திருக்க வேண்டும். ஒரே அறையில் வாழும் குடும்பம் அந்த ஏழு இரவுகளும் எங்கே உறங்குவது? மறுநாளே ஏறி மிதிக்கப்பட்ட தரை ஓராண்டுக்குள் வெடிக்கிறது. பின்னர், 'கொடுத்ததைக் காப்பாற்றத் தெரியாத சனங்கள்' என்ற தீர்ப்பு வருகிறது. கூடம் கோணல் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

போதனை மலிவானது, ஏற்பாடு செலவு மிக்கது என்ற உண்மையை இந்நாட்டின் வரலாறே ஒருமுறை நிறுவிக் காட்டியது. 1916ஆம் ஆண்டளவில் ரொக்ஃபெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களிலே கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினர். தொழிலாளருக்கு மருந்து கொடுத்தார்கள், விளக்கங்களும் சொன்னார்கள். மருந்துண்டவர்கள் குணமடைந்தார்கள், ஆனால் மீண்டும் மீண்டும் அதே நோய்க்கு ஆளானார்கள். காரணம் வெளிப்படை. மலத்தால் மாசுற்ற மண்ணிலிருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுள் நுழைவது அப்புழு. போதிய மலசலகூடங்களைக் கட்டிக் கொடுக்கத் தோட்ட முதலாளிகளுக்கு மனம் வரவில்லை. கூலியாளின் இரத்தத்தைக் குடித்த புழுவைப் பழித்தவர்கள், அப்புழுவுக்கு இடமளித்த கணக்குப் புத்தகத்தைப் பழிக்கவில்லை.

இதற்கு மாறான அனுபவமும் உலகில் உண்டு. மெக்சிக்கோ நாட்டின் கோவவீலா மாநிலத்தில் 2000ஆம் ஆண்டிலே 'உறுதியான தரை' என்று பொருள்படும் 'பீசோ பிர்மே' திட்டம் தொடங்கப்பட்டது. மண்தரை வீடுகளுக்கு 50 சதுர மீற்றர் வரை சீமெந்துத் தரையிட அரசு உதவியது. அங்கே எந்தத் தாய்க்கும் எவரும் குணநல வகுப்பு நடத்தவில்லை. தரையைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பின்னர் அப்பகுதியையும், அத்திட்டம் எட்டாத அயல் மாநிலத்து நகரங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்த பொருளியலாளர்கள் 2009இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். வீடு முழுவதும் மண்தரை நீங்கிச் சீமெந்துத் தரையானபோது, சிறுவரிடையே குடற்புழுத் தொற்று 78 வீதமும், வயிற்றோட்டம் 49 வீதமும், குருதிச்சோகை 81 வீதமும் குறைந்தன. குழந்தைகளின் அறிவு வளர்ச்சி மேம்பட்டது. தாய்மாரின் மனச்சோர்வும் குறைந்தது. 50 சதுர மீற்றர் என்பது நான்கு லயக் காம்பராக்களின் பரப்பிலும் சற்று அதிகம். தரை மாறியதும் குணம் மாறியது என்று நாம் சொல்ல வரவில்லை. குணத்திற் குறையே இருந்ததில்லை என்கிறோம்.

எம்மை மறுப்போர் மூன்று வகையினர். அவர்களுக்கும் விடை கூறுவோம்.

முதல் வகையினர், 'ஏழையாயினும் தூய்மையாக வாழ்வோர் உண்டே' என்பர். உண்டு, ஏராளமாக உண்டு. லயங்களிலே, வெடித்த தரையாயினும் கண்ணாடிபோல் துடைத்து, பித்தளைச் செம்பை மினுக்கி அடுக்கி வைத்திருக்கும் பெண்களை எவரும் காணலாம். ஆனால் அந்தத் தூய்மையின் விலை என்ன? அவளுடைய உறக்கம், ஓய்வு, இடுப்பு, முழங்கால், மகளின் பள்ளிநாள். வசதியுள்ளவன் நீர்க்குழாயால் வாங்குவதை ஏழைப்பெண் தன் ஆயுளால் வாங்குகிறாள். அவளுடைய தியாகத்தைச் சான்றாகக் காட்டி மற்றவர்களைக் குற்றவாளியாக்குவது அறமன்று.

இரண்டாம் வகையினர் பழைமையின் காதலர். 'சாணத்தால் மெழுகிய தரையே நம் பண்பாடு. அதுவே கிருமிநாசினி' என்று மின்விசிறியின் கீழ், டைல் தரையின் குளிர்ச்சியிலே அமர்ந்துகொண்டு எழுதுவார்கள். மெழுகுபவளின் திறமையை நாம் வணங்குகிறோம். ஆனால் பொய்யை வணங்க முடியாது. விலங்குகளின் சாணத்திலும் மண்ணிலும் ஏற்புவலிக் கிருமியின் வித்துக்கள் இருக்கக்கூடும். பிறந்த குழந்தையின் தொப்புளுக்கும், திறந்த புண்ணுக்கும் அது ஆபத்து. தடுப்பூசியே காப்பு, சாணமன்று. மண்தரை விரும்பித் தேர்ந்ததாயின் அது அழகு. வேறு வழியின்றி வாய்த்ததாயின் அது வறுமை. வறுமைக்குப் பண்பாடு என்று பெயர் சூட்டுவது சுரண்டலுக்குச் செய்யும் சேவகம்.

மூன்றாம் வகையினர் நிர்வாகத்தின் நாவினர். 'நல்ல வீடு கொடுத்தாலும் கெடுத்துவிடுவார்கள்' என்பது அவர்களின் வேதம். தன்னுடையதல்லாத தரையை எவன் பேணுவான்? லயக் காம்பரா தொழிலாளிக்கு உரியதன்று. வேலையோடு ஒட்டிய இருப்பிடம். ஒரு சுவரைத் தள்ளிக் கட்டவும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு நாட்டுத் தலைவர்கள் அவர்களைத் தலை எண்ணிப் பங்கிட்டுக்கொண்டார்கள். 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் எஞ்சியோரின் நாடற்ற நிலைக்கு முடிவு வந்தது. இடையிலே 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. முதலாளி மாறினான், சட்டம் மாறியது, கொடி மாறியது; காம்பராவின் தரை மாறவில்லை. 7 பேர்ச் காணியும் தனிவீடும் என்ற பேச்சு பின்னரே எழுந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார்; அறிவிப்புக்கும் அடிக்கல்லுக்கும் இடையே ஆறு ஆண்டுகளுக்கு மேல் உருண்டோடின. நாடும் நிலமும் உமதல்ல என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவிட்டு, தரையை ஏன் பேணவில்லை என்று கேட்பது என்ன நியாயம்?

நம்மால் இயலாதது என்று எவரும் சொல்ல வேண்டாம். நாவுலவுக்கு அண்மையில் நாலந்தா கெடிகே என்னும் பழைய கற்கோயில் உண்டு. பல்லவர் காலத் தென்னிந்தியக் கட்டடக் கலையின் சாயலும் பௌத்த மரபும் கலந்து நிற்கும் அரிய படைப்பு அது. மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கம் அதனை மூழ்கடிக்கும் என்று கண்டபோது, 1970களில் அதனைக் கல் கல்லாகக் கழற்றி, உயர்ந்த இடத்துக்குக் கொண்டு சென்று மீண்டும் கட்டியெழுப்பினார்கள். நாம் அதனை மனமாரப் பாராட்டுகிறோம். ஆயிரம் ஆண்டுப் பழைமை கொண்ட கல்லை ஈரத்திலிருந்து காப்பாற்றத் தெரிந்த நாட்டுக்கு, உயிரோடு உறங்கும் குழந்தையின் முதுகை ஈரத்திலிருந்து காப்பாற்றத் தெரியாதா? பொறியியல் இருந்தது, பணம் இருந்தது, அக்கறை இருந்தது. கல்லுக்கு இருந்த அக்கறை மனிதருக்கு இல்லாமற் போனதே கேள்வி.

இனி, குனிகின்ற முதுகைப் பற்றிப் பேசுவோம். துரை பங்களாவின் மரத்தரைகளை மெழுகிட்டு மினுக்கப் பணியாட்கள் இருந்தார்கள். நீண்ட லய வரிசைகளின் குப்பையை அள்ள வாசற்கூட்டி ஒருவன் இருந்தான். அந்த வேலையும் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டோர் தலையிலேயே சுமத்தப்பட்டது. தரையைத் தூய்மையாக்குபவன் தீண்டத்தகாதவன், அழுக்காக்குபவன் உயர்ந்தவன் என்ற தலைகீழ் நீதியை நம் சமூகம் நெடுங்காலம் வாழ்ந்து காட்டியது. இன்றும் எச்சங்கள் உண்டு.

மலையகத்தின் சிறுமியர் எத்தனையோ பேர் கொழும்பு வீடுகளின் தரையைத் துடைக்க அனுப்பப்பட்டார்கள். தன் வீட்டிலே பொரிந்த சீமெந்தில் உறங்கியவள், பிறர் வீட்டுச் சலவைக்கல்லைத் துடைத்துவிட்டு, அங்கும் குசினித் தரையிலே உறங்கினாள். 2021இல் அவ்வாறு வேலைக்கு வந்த சிறுமி ஒருத்தி இறந்தபோது நாடு முழுவதும் கொதித்தெழுந்தது. கொதிப்பு அடங்கவும் அதிக காலம் எடுக்கவில்லை. 1871ஆம் ஆண்டு குடியேற்ற ஆட்சியினர் வீட்டுப் பணியாளருக்கென ஒரு கட்டளைச் சட்டம் இயற்றினார்கள். எதற்கு? அவர்களைப் பதிவு செய்வதற்கு! எசமானின் வெள்ளிக் கரண்டிக்குப் பாதுகாப்பு. பணிப்பெண்ணின் கூலிக்கோ ஓய்வுக்கோ அன்று. வீட்டு வேலையும் வேலையே என்று சர்வதேசத் தொழில் நிறுவனம் தனியொரு சமவாயத்தை ஏற்றுக்கொள்ள 2011 வரை ஆயிற்று.

கிராமத்துப் பெண்களும் விதிவிலக்கல்லர். 1970களின் பிற்பகுதியிலிருந்து இந்நாட்டுப் பெண்கள் பெருந்தொகையினர் சவூதி அரேபியா, குவைத் முதலிய நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் செல்கிறார்கள். அங்கே பிறர் மாளிகையின் பளிங்குத் தரையை ஆண்டுக்கணக்கில் துடைத்து, இங்கே தம் வீட்டு மண்தரையைச் சீமெந்தாக்குகிறார்கள். சிலர் டைலும் பதிக்கிறார்கள். அவள் திரும்பி வந்ததும் அந்த டைலையும் அவளே துடைக்கிறாள். கணவன் செருப்போடு நடக்கிறான். ஒரு தரைக்காக எத்தனை தரைகளில் குனிய வேண்டியிருக்கிறது!

ஆசிரிய நண்பர்களே, இங்கே நமது கடமை என்ன? நம் பாடசாலைகளில் மனைப்பொருளியல் ஒரு தெரிவுப் பாடம்; அதனைப் பெரும்பாலும் மாணவியரே பயில்கின்றனர். காலையில் வகுப்பறையைக் கூட்டும்போது, தும்புத்தடி மாணவியின் கையிலும், மேசையைத் தூக்கும் 'வீரம்' மாணவனின் கையிலுமாகப் பிரிந்துவிடும் வழக்கம் பல பாடசாலைகளில் உண்டு. பத்து வயதிலே கற்பிக்கப்படும் இந்தப் பாடத்தை எந்தப் பரீட்சையும் சோதிப்பதில்லை. ஆனால் வாழ்நாள் முழுவதும் எவரும் மறப்பதில்லை. சமத்துவத்தைப் பற்றிக் குடியியல் வகுப்பில் வாய் வலிக்கப் பேசிவிட்டு, வகுப்பறைத் தரையில் அதனை மறுப்போமாயின் நமது பேச்சு காற்றோடு போகும். முறைப்பட்டியல் ஒன்றை எழுதி ஒட்டுங்கள். அதில் மாணவர், மாணவியர் இருபாலார் பெயரும் வரிசையாக இருக்கட்டும். ஆசிரியர் பெயரும் இருக்கட்டும்.

மாணவ இளைஞர்களே, நீங்களும் ஒன்று செய்யலாம். உங்கள் ஊரின் தரைகளை அளந்து எழுதுங்கள். எத்தனை வீட்டில் மண், எத்தனை வீட்டில் வெடித்த சீமெந்து, குழாய் எத்தனை அடி தொலைவில், காணி உறுதி யார் பெயரில், நாளுக்கு எத்தனை முறை யார் கூட்டுகிறார் என்று கேளுங்கள். அந்தக் கணக்கைப் பிரதேச சபையின் முன்னும், தோட்ட நிர்வாகத்தின் முன்னும், தேர்தல் காலத்திற் கைகூப்பி வருவோரின் முன்னும் வையுங்கள். புள்ளிவிவரம் இல்லாத கண்ணீருக்கு இந்நாட்டிற் செவி கிடைப்பதில்லை.

எமது கோரிக்கைகள் தெளிவானவை. தோட்டங்களில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உறுதியோடு கூடிய காணியும், ஈரம் ஏறாத தரையோடு கூடிய வீடும் வேண்டும். பெண்ணின் பெயரும் அவ்வுறுதியில் இருக்க வேண்டும். நீர்க்குழாய் வீட்டினுள் வர வேண்டும். கிராமத்து மண்தரை வீடுகளுக்குச் சீமெந்தும் கைத்தொழில் உதவியும் வழங்கும் திட்டம் ஒன்றை அரசு வகுக்க வேண்டும். வீட்டுப் பணியாளருக்குக் கூலியும், வேலை நேரமும், ஓய்வுநாளும் சட்டத்தால் வரையறுக்கப்பட வேண்டும். தரை பேணும் விஞ்ஞானம் ஆண், பெண் இருபாலாருக்கும் பொதுப் பாடமாக வேண்டும். தும்புத்தடி வீட்டிலுள்ள எல்லாக் கைகளுக்கும் பழக வேண்டும்.

இவை நிறைவேறும் வரை, ஏழையின் தரையைக் காட்டி அவளுடைய குணத்தை அளக்கின்ற எவரையும் நாம் நிறுத்திக் கேட்போம்: ஐயா, இந்தத் தரையைப் போட்டுக் கொடுத்தவர் யார்? கூடத்தின் கோணலை முதலில் நிமிர்த்துங்கள். ஆட்டத்தின் குறையைப் பிறகு பேசலாம்.